புகழைக் கொண்டு கப்பலை அளக்கலாகாது

போரில் பெயர் பெற்ற கப்பல் ஒன்று பணியிலிருந்து விடுவிக்கப்படும் போதெல்லாம், நாடு எதுவாயினும், ஒரே வகையான வாதம் எழுகிறது: இக்கப்பல் நாட்டுக்காகப் போரிட்டது, ஆகவே இதை உடைப்பது நன்றி மறத்தல், ஆகவே இதை அருங்காட்சியகமாக்கிக் காப்பது அரசின் கடமை. முன்னாள் கடற்படையினரும் நாளிதழ்த் தலையங்கங்களும் பொதுநல வழக்கு மனுக்களும் இதையே வெவ்வேறு சொற்களில் கூறி வந்துள்ளதால், போர்ப்புகழ் எவ்வளவு பெரிதோ காக்கப்படும் உரிமையும் அவ்வளவு பெரிது என்னும் அளவுகோல் ஆராயப்படாமலேயே நிலைபெற்றுவிட்டது. இதை முன்வைப்போரின் நேர்மையிலும் நாட்டுப்பற்றிலும் குறை காண இடமில்லை. எனினும் அளவுகோல் தவறானது. அது காக்கத் தேவையற்றவற்றைக் காக்கச் சொல்கிறது. காக்கத் தக்கவற்றைக் கண்ணில் படாமல் மறைக்கிறது. தான் போற்றும் கப்பல்களையே கடைசியில் உடைக்கும் தளத்துக்கு அனுப்பி வைக்கிறது. இவற்றுள் மூன்றாவது குற்றச்சாட்டே கடுமையானது. அதற்கு இந்தியாவிலேயே சான்று உள்ளது.

இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த், பிரிட்டிஷ் கடற்படைக்காக ஹெர்குலிஸ் என்னும் பெயரில் 1943இல் கட்டத் தொடங்கப்பட்டு, 1945இல் நீரில் இறக்கப்பட்டு, உலகப் போர் முடிந்துவிட்டதால் முற்றுப்பெறாமல் கிடந்து, 1957இல் இந்தியாவால் வாங்கப்பட்டு, பெல்ஃபாஸ்ட் நகரில் கட்டி முடிக்கப்பட்டு, 1961 மார்ச் 4 அன்று பணியில் சேர்ந்தது. 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரில், கொதிகலன் ஒன்றில் விரிசல் இருந்ததால் முழு வேகத்தில் ஓட இயலாத நிலையிலும், வங்கக் கடலில் நின்று தன் சீ ஹாக், அலிஸே விமானங்களை ஏவிச் சிட்டகாங், காக்ஸ் பஜார் ஆகிய இடங்களைத் தாக்கியது. 1997 ஜனவரி 31 அன்று ஓய்வு பெற்ற அக்கப்பலைக் காக்க வேண்டும் என்பதில் நாட்டில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததாகத் தெரியவில்லை. கடற்படை விரும்பியது, மகாராஷ்டிர அரசு விரும்பியது, மக்களும் விரும்பினர். ஆனால் கப்பல் உப்புநீரில் மிதக்குமா தரையில் நிற்குமா, அதன் அடிப்பகுதி எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை உலர்துறையில், அதாவது நீரை வெளியேற்றிக் கப்பலின் அடியைச் செப்பனிட உதவும் தொட்டி போன்ற துறையில், ஏற்றப்படும், அதற்கான செலவை ஆண்டுதோறும் ஏற்பது யார் என்னும் கேள்விகளுக்கு 15 ஆண்டுகள் கடந்தும் உறுதியான விடை கிடைக்கவில்லை. மும்பையில் அவ்வப்போது மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டு வந்த கப்பல், பாதுகாப்பற்றது என்று கருதப்பட்டு 2012இல் மூடப்பட்டது. 2014இல் ஏறத்தாழ 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. உச்ச நீதிமன்றம் வழி விட்டபின் மும்பையின் தாருகானாவில் உடைக்கப்பட்டது.

விக்ராந்தின் அழிவுக்கு நன்றியின்மையே காரணம் என்று சொல்வது எளிது. ஆனால் நடந்ததை அது விளக்காது. நன்றி மிகுந்திருந்தது. அந்த நன்றியே போதும், எஃகின் கேள்விகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அனைவரும் எண்ணியதால்தான், கேள்விகள் கேட்கப்பட்ட நாளில் கப்பலின் உடல் விடை சொல்லும் நிலையைக் கடந்திருந்தது.

விராட்டின் வரலாறு இதையே மறுபடியும் காட்டியது. ஹெர்மிஸ் என்னும் பெயரில் 1959இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து, 1982இல் ஃபாக்லாந்துப் போரின் முதன்மைக் கப்பலாக இருந்து, 1987 முதல் 2017 வரை இந்தியக் கொடியின் கீழ் இயங்கிய அக்கப்பலை, சிந்துதுர்க் மாவட்டத்தின் நிவதி கடற்கரையை ஒட்டி அருங்காட்சியகமாக்க 852 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு மகாராஷ்டிர அமைச்சரவை 2018இல் ஒப்புதல் அளித்தது. அந்த இடமோ தென்மேற்குப் பருவக்காற்றை நேராக எதிர்கொள்ளும் கரை. திட்டத்துக்கு முதலீடு செய்ய எவரும் முன்வராததில் வியப்பில்லை. 38.54 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்ட கப்பல் 2020 செப்டம்பரில் குஜராத்தின் அலாங் தளத்தை அடைந்தது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தபோது உடைப்பு வெகுதூரம் நடந்துவிட்டிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், ஏறத்தாழ 40 விழுக்காடு பிரிக்கப்பட்டாயிற்று என்னும் நிலையில், காப்பதற்கான மனு தள்ளுபடியானது. ஓய்வு பெற்ற நாளுக்கும் தடை ஆணைக்கும் இடையே 4 ஆண்டுகள் கிடைத்தும், அவற்றில் பெரும்பகுதி புகழுரைகளிலும் அறிவிப்புகளிலும் கழிந்தது.

போர்ப்புகழ் வாதத்தின் அடியில் ஓர் எடுகோள் மறைந்திருக்கிறது: வரலாறு கப்பலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கப்பலைக் காத்தால் வரலாறும் காக்கப்படும் என்பதே அது. இது பாதி உண்மை. கப்பலில் ஒட்டியிருப்பது அதன் தகடுகளும் இயந்திரங்களும் கருவிகளும் நினைவில் வைத்திருப்பது மட்டுமே. வெற்றியின் சிறப்பு நூல்களிலும் ஆவணங்களிலும் மக்கள் மனத்திலும் இருக்கிறது. விக்ராந்தையே எடுத்துக்கொண்டால், 1971இல் சீ ஹாக் விமானங்களை மேல்தளத்திலிருந்து வீசி ஏவிய நீராவி விசையேவி, 1980களின் இறுதியில் நடந்த மறுசீரமைப்பில் அகற்றப்பட்டு, சீ ஹாரியர் விமானங்கள் எழுவதற்கான மேல்நோக்கிச் சரிந்த ஓடுதளம் அவ்விடத்தில் கட்டப்பட்டது. ஆகவே, 1971ஐக் காண மும்பைக்கு வந்த பார்வையாளர் கண்டது 1990களின் கப்பலை. இது கப்பலின் குற்றமன்று. பணியில் உள்ள எந்தக் கப்பலும் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட போரின் பெயரால் ஒரு கப்பலைக் காக்கக் கோருவோர், அப்போரின் தடயம் அதில் எஞ்சியிருக்கிறதா என்று முதலில் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகின் மிகப் புகழ்பெற்ற இரண்டு நினைவுக் கப்பல்கள் சான்று. 1905இல் சுஷிமா போரில் அட்மிரல் டோகோவின் முதன்மைக் கப்பலாக விளங்கிய மிகாசா, யோகோசுகாவில் தரையில் பதிக்கப்பட்டுக் காக்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் மேற்கட்டுகளும் கருவிகளும் கழற்றப்பட்டு, அது கேளிக்கைக் கூடமாகவும் பயன்பட்டதால், 1961இல் முடிந்த மறுசீரமைப்புக்கு, ஜப்பானில் உடைக்கப்பட்டுக்கொண்டிருந்த சிலி நாட்டுப் போர்க்கப்பலான அல்மிரான்தே லத்தோரேயின் பாகங்கள் எடுத்துப் பொருத்தப்பட்டன. 1917 புரட்சியோடு இணைத்துப் பேசப்படும் அரோரா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1984 முதல் 1987 வரை நடந்த பணியின்போது, நீர்க்கோட்டுக்குக் கீழுள்ள தன் பழைய உடலை முழுவதும் இழந்து, பற்றவைத்த புதிய அடியுடலைப் பெற்றது. இவ்விரண்டும் மதிப்புக்குரிய நினைவுச் சின்னங்கள். ஆனால் 1900ஆம் ஆண்டையொட்டிக் கப்பல் கட்டுவோர் தகடுகளை எப்படி இணைத்தனர், எங்கே தரம் குறைத்தனர், எங்கே மிகை வலிமை சேர்த்தனர் என்று அறிய விரும்பும் ஆய்வாளருக்கு அரோராவின் புதிய அடியுடல் எதையும் சொல்லாது.

கல்வெட்டு ஆய்வோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். சோழர் கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளை அடுக்கும் மெய்க்கீர்த்தி ஆட்சியாண்டையும் போர்களையும் அறிய உதவுகிறது. ஆனால் ஊரின் எல்லை, வரி, நீர்ப்பங்கீடு, கோயில் பணியாளரின் கூலி ஆகியவற்றைச் சொல்லும் பின்பகுதியே அக்காலச் சமூகத்தை மீட்டுத் தருகிறது. கல்லைத் துலக்குவதாக எண்ணி மணல்வீச்சு நடத்தி எழுத்தை அழித்துவிட்டால், கோயில் எவ்வளவு பெரிய அரசன் கட்டியதாயினும் ஆய்வாளருக்கு இழப்பு இழப்பே. போர்க்கப்பலுக்கும் ஒரு மெய்க்கீர்த்தி உண்டு. அதைத் தாண்டி அதன் உடலில் எழுதப்பட்டிருப்பதே அருங்காட்சியகத்தின் பொருள்.

புகழே அளவுகோல் என்றால் உலகின் மிகச் சிறந்த போர்க்கப்பல் அருங்காட்சியகம் இருந்திருக்கவே முடியாது. 64 பீரங்கிகளுடன் கட்டப்பட்ட ஸ்வீடனின் வாசா, 1628 ஆகஸ்டு 10 அன்று தன் முதல் பயணத்தில் ஏறத்தாழ 1,300 மீட்டர் சென்று, எந்தப் பகைவனையும் காணாமல், ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலேயே கவிழ்ந்து மூழ்கியது. அதன் பெயரில் ஒரு வெற்றியும் இல்லை. நாட்டுக்கு அது பெரும் தலைகுனிவாகவே இருந்தது. ஆயினும் பால்டிக் கடலின் உப்புக் குறைந்த நீரில் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு வாழாததால், 333 ஆண்டுகள் கழித்து 1961இல் மேலே கொண்டுவரப்பட்டபோது அது பெரும்பாலும் முழுமையாக இருந்தது. நீரில் ஊறிய மரம் உலரும்போது சுருங்கிப் பிளக்காமலிருக்க, மரத்தின் உயிரணுக்களில் உள்ள நீருக்குப் பதிலாக நிற்கக்கூடிய பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் மெழுகுபோன்ற பொருள் 17 ஆண்டுகள் தெளிக்கப்பட்டது. கப்பலோடு மூழ்கியவர்களின் எலும்புகள், அவர்களின் உடை, கருவிகள், உணவுக் கலங்கள், செதுக்குவோரின் உளித்தடம் ஆகியவற்றின் வழியே 17ஆம் நூற்றாண்டின் வடஐரோப்பா இன்று அறியப்படுகிறது. தோற்ற கப்பல் ஒன்று வென்ற கப்பல்கள் பலவற்றைவிட அதிகம் கற்பிக்கிறது என்றால், வெற்றியைக் கொண்டு கப்பலைத் தேர்வது எந்த அடிப்படையில் சரியாகும்?

இரண்டாம் உலகப் போரிலிருந்தும் இதற்குச் சான்று காட்டலாம். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் பீரங்கி வண்டிகளை இறக்கிய தரையிறங்கு கலங்கள் 800க்கும் மேற்பட்டவை. பெயர்கூடச் சூட்டப்படாமல் எண்ணால் மட்டும் அழைக்கப்பட்ட அவற்றுள் 7074 என்னும் ஒன்றே எஞ்சியது. அதுவும் போருக்குப் பின் லிவர்பூலில் மிதக்கும் இரவு விடுதியாகப் பயன்பட்டு, பிறகு பர்க்கன்ஹெட் துறையில் மூழ்கிக் கிடந்து, 2014இல் மீட்கப்பட்டு, இன்று போர்ட்ஸ்மத் நகரில் கூரையின் கீழ் நிற்கிறது. அட்லாண்டிக் கடலில் வணிகக் கப்பல் அணிகளை ஜெர்மானிய நீர்மூழ்கிகளிடமிருந்து காத்த மலர்வகைச் சிறு காவல் கப்பல்கள் 260க்கும் மேல் கட்டப்பட்டன. இன்று உள்ளது கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் நிற்கும் சாக்வில் ஒன்று மட்டுமே. அதுவும் வீரத்தால் தப்பவில்லை, போருக்குப் பின் கடல் ஆய்வுக் கப்பலாகப் பல பத்தாண்டுகள் வேலை செய்ததால் தப்பியது. பிரிட்டனுக்கு உணவும் எரிபொருளும் வந்து சேர்ந்தது இத்தகைய கப்பல்களால்தான். நார்மண்டியில் படை கரையேறியது எண்ணிட்ட கலங்களால்தான். புகழ் இவற்றைத் தேடிச் செல்லவில்லை. தற்செயலே இவற்றைக் காத்தது, நூற்றுக்கணக்கானவற்றுள் ஒன்றை மட்டும்.

தற்செயலுக்கு விட்ட இடத்தில் இந்த வறுமை. புகழ் தேர்ந்தெடுத்த இடத்திலோ மிகை. அமெரிக்காவில் 8 பெரும் போர்க்கப்பல்கள் அருங்காட்சியகங்களாக உள்ளன. அவற்றுள் அயோவா, நியூ ஜெர்சி, மிசௌரி, விஸ்கான்சின் ஆகிய நான்கும் ஒரே வரைபடத்தில் கட்டப்பட்ட உடன்பிறப்புகள், அவ்வகையில் கட்டி முடிக்கப்பட்டவை அவ்வளவே. ஜப்பானின் சரணாகதி கையொப்பமான தளம் என்பதால் மிசௌரிக்கு ஒரு தனிச் சான்று மதிப்பு உண்டு என்று ஏற்கலாம். மற்ற மூன்றும் சேர்ந்து சொல்வதை ஒன்றே சொல்லிவிடும். ஐந்து விமானந்தாங்கிகளும் அங்கே அருங்காட்சியகங்களாக நிற்கின்றன. அப்படியிருந்தும், அந்நாட்டின் போர்ப்புகழ்வாதிகள் இன்றுவரை வருந்துவது 1958இல் உடைக்க விற்கப்பட்ட என்டர்பிரைஸ் கப்பலுக்காக. இரண்டாம் உலகப் போரில் மற்றெந்த அமெரிக்கக் கப்பலையும்விட மிகுதியாக 20 போர் விண்மீன் விருதுகளைப் பெற்ற அதைக் காக்க அட்மிரல் ஹால்சியே முயன்றும் நிதி திரளவில்லை. அது இழப்பே, ஆனால் ஏன் இழப்பு என்பதில்தான் கருத்து வேறுபடுகிறது. போருக்கு முந்திய யார்க்டவுன் வகை விமானந்தாங்கிகளில் போரைத் தாண்டி எஞ்சிய ஒரே கப்பல் அது என்பதால், அதோடு ஒரு கட்டுமான மரபே மறைந்தது. 20 விண்மீன்களுக்குப் பதில் இரண்டே இருந்திருந்தாலும் அந்த இழப்பு குறைந்திருக்காது. அதே காரணத்தால், இரு உலகப் போர்களிலும் பணிசெய்து, டிரெட்நாட் வகையில், அதாவது ஒரே அளவுள்ள பெரும்பீரங்கிகளையே முதன்மைப் படைக்கலமாகக் கொண்ட 20ஆம் நூற்றாண்டுத் தொடக்ககாலப் போர்க்கப்பல் வகையில், எஞ்சியுள்ள ஒரே கப்பலான டெக்சஸுக்குச் செலவிடும் பணம், நான்காவது அயோவாவுக்குச் செலவிடும் பணத்தைவிட மிகுந்த நியாயமுடையது.

டெக்சஸின் வரலாறு இன்னொன்றையும் கற்பிக்கிறது. நிலைபெற்ற கருத்து ஒருபோதும் முகம் கொடுத்துப் பேசாத பொருள் அது. கடல்நீரில் நிற்கும் எஃகு அழிந்துகொண்டே இருக்கும். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், தகட்டின் ஒரு பகுதிக்கும் மற்றொரு பகுதிக்கும் இடையே மிகச்சிறு மின்னோட்டம் உண்டாகி இரும்பு கரைகிறது. காற்றும் நீரும் மாறி மாறிப் படும் நீர்க்கோட்டுப் பட்டையில் இது மிக விரைவாக நடக்கிறது. இரும்புக்கு முன் தான் கரைந்து அதைக் காக்கும் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தலாம், பூச்சு பூசலாம்; இவற்றைப் புதுப்பிக்கக் கப்பலை நீரிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். பணியிலுள்ள கப்பல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலர்துறை ஏறுகிறது. அருங்காட்சியகமானதும் அந்த ஒழுங்கு நின்றுபோகிறது, ஏனெனில் இயந்திரம் ஓடாத கப்பலை இழுத்துச் செல்வதே ஆபத்தும் பெருஞ்செலவும் ஆகும். 1948இல் அருங்காட்சியகமான டெக்சஸ் அடுத்த 40 ஆண்டுகள் உலர்துறை காணவில்லை. 1988இல் ஒருமுறை செப்பனிடப்பட்டு, மீண்டும் 30 ஆண்டுகளுக்கு மேல் நீரில் நின்று, ஓயாமல் நீர் இறைத்தே மிதக்கும் நிலைக்கு வந்தபின், மாநிலச் சட்டமன்றம் 2019இல் 3.5 கோடி டாலர் ஒதுக்கியதால் 2022 ஆகஸ்டில் கால்வெஸ்டனுக்கு இழுத்துச் செல்லப்பட்டது. 1898இல் மணிலா விரிகுடாப் போரின் முதன்மைக் கப்பலான ஒலிம்பியா 1945க்குப் பின் உலர்துறை ஏறவேயில்லை. ஒரே கப்பலில் உயிர்நீத்த ஐந்து சகோதரர்களின் பெயரைத் தாங்கிய த சல்லிவன்ஸ், 2022 ஏப்ரலில் பஃபலோ நகரின் துறையிலேயே நீர் புகுந்து சாய்ந்தது. அந்தப் பெயரைவிட உருக்கமான பெயர் அமெரிக்கக் கடற்படையில் அரிது. தகட்டில் விழுந்த ஓட்டைகளை அது அடைக்கவில்லை.

இங்கே வழக்கமாக ஒரு மறுமொழி வரும்: பணம் என்பது மனம் சார்ந்தது, விருப்பம் இருந்தால் நிதி கிடைக்கும், அமெரிக்கர் பல கப்பல்களை நடத்தவில்லையா என்பது அது. சான் டியேகோவின் மிட்வே ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளரைப் பெற்று வெற்றியோடு நடப்பது உண்மை. ஆனால் அந்நகரம் சுற்றுலா மிகுந்த பெருந்துறைமுகம்; ஓய்வுபெற்ற கடற்படையினர் திரளாக வாழும் ஊர்; தன்னார்வலர் பலர் அங்கே கிடைக்கின்றனர். மிட்வே நடப்பது இடத்தின் பலத்தால். தென்கரோலினாவில், தன் வகையில் எஞ்சியிருந்த ஒரே நீர்மூழ்கியான கிளாமகோர், நிர்வாகமும் ஆர்வலரும் இருந்தும், செலவைத் தாங்க முடியாமல் 2022இல் உடைக்க அனுப்பப்பட்டது. மேலும், அமெரிக்கச் சட்டம் கடற்படைக் கப்பலை நன்கொடையாகத் தரும்போது அரசுக்கு எந்தச் செலவும் வரலாகாது என்கிறது. பெறுவோர் நிதி, நங்கூரமிடும் இடம், பராமரிப்பு, காட்சியமைப்பு ஆகியவற்றுக்கான திட்டங்களை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று கடற்படை கேட்கிறது. அமெரிக்கரின் உணர்ச்சியை எடுத்துக்காட்டும் இந்தியத் தலையங்கங்கள் இந்த நடைமுறையை எடுத்துக்காட்டுவதில்லை. அத்தகைய கண்டிப்பு இருந்தும் அங்கே கப்பல்கள் மூழ்குகின்றன என்றால், கண்டிப்பே இல்லாத இடத்தில் என்ன எதிர்பார்க்கலாம்?

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு படிப்பினை உண்டு. சோவியத் ஒன்றியத்திடமிருந்து இந்தியா பெற்ற 8 ஃபாக்ஸ்ட்ராட் வகை நீர்மூழ்கிகளுள் ஒன்றான வாக்லி, 2010 டிசம்பரில் ஓய்வு பெற்றபின், மாமல்லபுரத்தில் கடல்சார் அருங்காட்சியகமாக்கத் தமிழ்நாட்டு அரசுக்கு வழங்கப்பட்டுச் சென்னைத் துறைமுகத்துக்கு இழுத்து வரப்பட்டது. திட்டம் நிறைவேறவில்லை. அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: அதே வகையைச் சேர்ந்த குர்சுரா விசாகப்பட்டினத்தின் ராமகிருஷ்ணா கடற்கரையில் 2002 முதல் நிற்கும்போது, அதே கிழக்குக் கரையில் இரண்டாவது ஃபாக்ஸ்ட்ராட் புதிதாக எதைச் சொல்லும்? குர்சுரா 1969இல் பணியில் சேர்ந்து 31 ஆண்டுகள் உழைத்த கலம். 1971இல் அரபிக் கடலில் சுற்றுக்காவல் சென்றதாயினும் எந்தக் கப்பலையும் மூழ்கடித்த பெருமை அதற்கு இல்லை. போர்ப்புகழ்க் கணக்கில் அது விக்ராந்துக்கு அருகில்கூட வராது. ஆனால் 91 மீட்டர் நீளமே உள்ளதால் அதை மணல்மேட்டில் ஏற்றி நிறுத்த முடிந்தது; உள்ளிருந்த குழாய்களும் அடைப்பிதழ்களும் படுக்கைகளும் நீர்முனைக் குண்டு ஏவும் அறையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன; ஒருவர் தோள் உரச ஒருவர் நடக்கும் அந்த நெருக்கத்தில் எழுபதுக்கும் மேற்பட்டோர் வாரக்கணக்கில் வாழ்ந்தனர் என்பதைப் பள்ளிச் சிறுவரும் உடனே உணர்கின்றனர். நாட்டின் மிகப் புகழ்பெற்ற கப்பல் துண்டுகளாயிற்று, புகழ் குறைந்த கலம் நிற்கிறது.

தரையில் ஏற்றினால் போதும் என்றும் சொல்ல வரவில்லை. 1944இல் அமெரிக்கர் கைப்பற்றிய ஜெர்மானிய நீர்மூழ்கியான யு-505, சிகாகோ நகரில் 50 ஆண்டுகள் வெட்டவெளியில் நின்று நலிந்தபின், 2004இல் நிலத்தடிக் கூடத்துக்குள் கொண்டுசெல்லப்பட்டது. பிரிஸ்டல் நகரில் 1843இல் கட்டப்பட்ட கிரேட் பிரிட்டன் என்னும் இரும்புப் பயணிகள் கப்பலைக் காக்கும்போது, உலோகத்தில் ஊறிய உப்பின் அரிப்பு நிற்க வேண்டுமானால் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும் என்று கண்டறிந்து, நீர்க்கோட்டு மட்டத்தில் கண்ணாடித் தளம் அமைத்து, அதன் கீழே பாலைவனக் காற்றுக்கு ஒப்பான உலர்காற்றைச் செலுத்துகின்றனர். கடலலையின் உப்புத்திவலை நாள்தோறும் படும் விசாகப்பட்டினக் கரையில் குர்சுராவுக்கும் ஒருநாள் கூரை வேண்டியிருக்கும். 91 மீட்டர் கலத்துக்குக் கூரை அமைக்க இயலும், 213 மீட்டர் விக்ராந்துக்கு இயலாது. அளவு என்பது இங்கே பெருமைக்குரிய செய்தியாக இல்லாமல், காக்க முடியுமா முடியாதா என்பதை முதலிலேயே தீர்மானிக்கும் எல்லையாகிறது. கர்வாரின் ரவீந்திரநாத் தாகூர் கடற்கரையில் நிற்கும் சபல் என்னும் ஏவுகணைப் படகையும் இவ்வாறே நோக்க வேண்டும். 1971இல் கராச்சியைத் தாக்கிய நிபாத், நிர்காத், வீர் ஆகியவற்றோடு அது சென்றதில்லை, ஏனெனில் பின்னரே அது கடற்படையில் சேர்ந்தது. எனினும் அவ்வகைப் படகு எவ்வளவு சிறியது, எவ்வளவு குறைந்த காவலோடு அவ்வளவு தொலைவு சென்றது என்பதை அது கண்முன் நிறுத்துகிறது.

மிகுந்த மரியாதையோடு அணுக வேண்டிய மறுப்பு ஒன்று உண்டு. அக்கப்பல்களில் பணியாற்றியவர்களுக்கும் இறந்தோரின் குடும்பத்தாருக்கும் கப்பல் ஆய்வுப்பொருளாக மட்டும் இருப்பதில்லை. அது அவர்களின் வாழ்வின் பகுதி. இந்த உணர்வுக்கு இடம் வேண்டும். ஆனால் நினைவுச் சின்னமும் அருங்காட்சியகமும் வெவ்வேறு கடமைகளை உடையவை. நினைவு நிலைக்க முழுக்கப்பலும் தேவையில்லை. 1939இல் பிளேட் ஆற்று முகத்துவாரப் போரில் கலந்துகொண்டு, பின்னர் டெல்லி என்னும் பெயரில் இந்தியக் கடற்படையில் பணிசெய்த அக்கிலிஸ் 1978இல் உடைக்கப்பட்டபோது, அதன் பீரங்கி மாடம் ஒன்று நியூசிலாந்துக்கு வழங்கப்பட்டு ஆக்லாந்தில் இன்றும் நிற்கிறது. 1914 செப்டம்பர் 22 அன்று சென்னையைத் தாக்கிய எம்டனின் பீரங்கி ஒன்று சிட்னியின் ஹைட் பூங்காவில் இருக்கிறது. தாக்குதலின் நினைவைச் சென்னையில் சொல்ல உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள கல்வெட்டுப் பலகை போதுமானதாக இருந்துவருகிறது. பெயரும் கைமாறும்: 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் பணியில் சேர்ந்த புதிய கப்பல் விக்ராந்தின் பெயரைத் தாங்குகிறது. ஒரு பீரங்கி மாடத்திலும் ஒரு மணியிலும் ஒரு பெயரிலும் புகழ் முழுமையாகத் தங்கக்கூடியது. கப்பலின் கட்டுமான அறிவும் வாழ்க்கைமுறையும் அப்படித் துண்டுகளில் தங்குவதில்லை. முழுக்கப்பலைக் காக்கும் அரிய வாய்ப்பை அவற்றுக்கே ஒதுக்க வேண்டும் என்பது அதனால்தான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகளின் வரிசையே மாற வேண்டும். அவ்வகையில் வேறொன்று எங்கேனும் காக்கப்பட்டுள்ளதா, மூல உடல் எவ்வளவு எஞ்சியுள்ளது, இதில் வேலை செய்த மாலுமியின் நாள் எப்படிக் கழிந்தது என்பதை இதன் உள்ளறைகள் காட்டுமா, இதை நீருக்கு வெளியே கொண்டுவர முடியுமா என்பவை முதலில் வரும்; இவற்றில் இரண்டு கப்பல்கள் சமமாக நிற்கும்போது மட்டும் போர்ப்புகழ் தராசின் ஒரு தட்டைத் தாழ்த்தலாம். பிரிட்டனின் தேசிய வரலாற்றுக் கலங்கள் அமைப்பு தன் பதிவேட்டில் ஒரு கலத்தைச் சேர்க்க 50 ஆண்டு வயதையும், குறைந்த அளவு நீளத்தையும், உடல் பெரும்பாலும் முழுமையாக இருப்பதையும், நாட்டோடு உள்ள தொடர்பையும் கேட்கிறது. போர் விருதுகளைக் கேட்பதில்லை. காக்க இயலாத கலங்களுக்கு எனப் பதிவுசெய்தல், பிரித்தெடுத்தல் ஆகியவற்றுக்கும் அது வழிகாட்டி நூல்களை வெளியிட்டுள்ளது. உடைக்கப்படும் கப்பல் முழுவதும் அளந்து, படமெடுத்து, வரைபடங்களோடு ஒப்பிட்டு, மாற்றங்களைக் குறித்து வைக்கப்பட்டால் அது ஓரளவு காக்கப்பட்டதே. ஃபாக்லாந்துப் போரின் கட்டளை அறைகளைக் கொண்டிருந்த விராட்டுக்கு இயன்றதும் உரியதும் அதுவே. 852 கோடிக் கனவின் ஒரு சிறு பகுதி அதற்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

இந்தக் கேள்விகளை முதலில் கேட்டிருந்தால் இந்தியக் கடற்படையில் கண் சென்றிருக்க வேண்டிய இடங்கள் வேறு. கடலடியில் பகைவர் இட்ட வெடிகளைத் தேடி அகற்றும் பாண்டிச்சேரி வகைக் கப்பல்கள், காந்தத்தால் தூண்டப்படும் வெடிகளுக்குத் தப்பும் வகையில் சிறப்பாகக் கட்டப்பட்டவை. கடலூர், கண்ணனூர் ஆகியவை 2018இலும், கடைசியான கோழிக்கோடு 2019இலும் விலகியதோடு அந்தப் பணிக்கென்றே இருந்த கப்பல்கள் நாட்டிடம் இல்லாமல் போயின. ஒரு தொழில்மரபே நின்றது. விராட்டுக்காக எழுந்த குரல் அவற்றுக்காக எழவில்லை. 1942 நவம்பரில் இரண்டு ஜப்பானிய ஆயுதக் கப்பல்களை எதிர்த்து நின்ற பெங்கால் என்னும் சிறு கப்பல், இந்தியக் கடற்படைக்காக ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்ட பாத்தர்ஸ்ட் வகையைச் சேர்ந்தது. மெட்ராஸ் என்னும் பெயருள்ள கப்பலும் அவ்வகையில் இருந்தது. பெங்கால் 1960இல் உடைக்கப்பட்டது. ஆஸ்திரேலியர் தங்களிடம் எஞ்சியவற்றுள் காசில்மெயினை மெல்போர்ன் அருகே மிதக்க வைத்தும், வையல்லாவைக் கடலிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உள்ளே தரையில் நிறுத்தியும் காக்கின்றனர்.

எனவே, ஒரு கப்பல் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அது கடைசியாக உலர்துறை ஏறும்போதே, கடற்படைப் பொறியாளரும் உலோகப் பேணுநரும் வரலாற்றாய்வாளரும் சேர்ந்து தகட்டின் தடிமனைச் செவிக்கெட்டா ஒலியால் அளந்து, உள்ளறைகளைப் பட்டியலிட்டு, நிறுத்துவதற்கான நிலத்தையும் ஆண்டுச் செலவுக்கான வைப்புநிதியையும் உறுதிசெய்து, காக்கலாமா, பாகங்களை மட்டும் எடுக்கலாமா, பதிவோடு விடைகொடுக்கலாமா என்று எழுத்தில் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் வெளிவரும் வரை எந்த ஊரின் பெயரையும் எந்த அரசும் அறிவிக்கலாகாது.